இடப்பக்கக் கதவு

யால்மர் ஆகஸ்டு மாதத்தில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால், அந்த லாரி சதுப்புக்கு அப்பால் இருந்த கொட்டகையிலேயே மக்கி மண்ணாகிப் போயிருக்கும். அவனைத் தவிர அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. மாடுகளை விற்றுவிட்ட பிறகு வைக்கோல் கொட்டகையில் யாருக்கு என்ன வேலை? ஆனால் குளிர்காலத்து விறகில் பாதியை அவன் அங்கேதான் அடுக்கி வைப்பான். வருஷா வருஷம் அவனே போய் எடுத்து வருவான்.

"இந்தத் தடவ நீதான் கொண்டு வந்து போடணும், ரூனெ" என்றாள் அவன் மனைவி டாக்னி. நான் பக்கத்து வீட்டுக்காரன். என்னிடம் டிராக்டர் உண்டு, பெண்டாட்டி கிடையாது. இந்த இரண்டும் சேர்ந்த ஒருவனை எங்கள் நோர்பி ஊரில் சும்மா உட்கார விடமாட்டார்கள்.

போன குளிர்காலத்துப் பனி கொட்டகைக் கூரையின் முதுகை ஒடித்துப் போட்டிருந்தது. விறகை எடுத்துக்கொண்டே போனேன். அடுக்குக்குப் பின்னால் பலகைச் சுவர் ஒன்று தெரிந்தது. கொட்டகையின் நீளம் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று, உள்ளே பார்த்தால் வேறு. ஒரு பலகை உளுத்துப்போயிருந்தது. தொட்டதும் கையோடு வந்துவிட்டது. உள்ளேயிருந்து ஒரு ஹெட்லைட் என்னைப் பார்த்தது. இன்னும் இரண்டு பலகையைப் பிடுங்கினேன். உருண்டை மூக்கு. அந்தக் காலத்து வோல்வோ லாரியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சக்கரங்கள் மண்ணில் பாதி புதைந்திருந்தன. நம்பர் பலகை இல்லை. எலி கடித்த சீட்டு, பறவை எச்சம், மேலே சரிந்து கிடந்த ஓர் உத்தரம்.

அன்று சாயங்காலம் அவர்கள் சமையலறையில் உட்கார்ந்தேன். டாக்னி காப்பி ஊற்றி, எங்கள் பக்கத்து வழக்கப்படி அதில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டுக் கொடுத்தாள். யால்மர் ஜன்னலோர நாற்காலியில் காலை நீட்டியிருந்தான்.

"என்ன யால்மர், கொட்டகைக்குள்ள ஒரு லாரியவே ஒளிச்சு வெச்சிருக்கீங்க? நான் ஒரு பொண்ணத்தான் ஒளிச்சு வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அதுவா? ரோடு போடறவங்க கழிச்சுக் கட்டின இரும்பு. உதிரிக்காக வாங்கிப் போட்டேன்."

"எப்ப வாங்கின?" என்றாள் டாக்னி.

"எப்பவோ. உனக்கு ஞாபகம் இருக்காது."

"எனக்கா ஞாபகம் இருக்காது? இந்த வீட்டுக்கு வந்த ஒவ்வொரு ஆணியும் எனக்குத் தெரியும்."

"எல்லாம் தெரிஞ்சவளாச்சே நீ. டே ரூனெ, அத அங்கயே விட்டுரு. கூரை உன் மண்டையில விழுந்து வெச்சா உன் டிராக்டருக்கு யாரு சோறு போடறது?"

சிரித்தோம். ஆனால் எனக்கு வாய் நிற்காது. மறுநாள் கடையில் உப்பு வாங்கும்போது சொன்னேன், ஈஸ்ட் வாங்கும்போதும் சொன்னேன். இரும்புத் துரு வாசனையை மோப்பம் பிடிக்கிறவர்கள் கடற்கரை ஊரில் ஒரு சங்கமே வைத்திருக்கிறார்கள். அந்தச் சனிக்கிழமையே லென்னார்ட் என்பவர் வந்து இறங்கிவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பல் டாக்டர். பழைய லாரி என்றால் உயிரையே விடுவார்.

யால்மர் முகம் சுருங்கியது. "விக்கறதுக்கு இல்ல" என்றான்.

"வாங்க வரலைங்க, பாக்கத்தான் வந்தேன்" என்றார் லென்னார்ட்.

"பாத்துட்டுப் போகட்டுமே. பாத்தா தேஞ்சா போயிரும்?" என்றாள் டாக்னி. உடைந்த இடுப்போடு அவன் என்ன செய்ய முடியும்?

இந்த இடத்தில் எவெர்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாக்னியின் முதல் புருஷன். அவனும் யால்மரும் பங்கு போட்டு ஒரு லாரி வைத்திருந்தார்கள். குளிர்காலத்தில் மால்ஷோ ஏரி உறைந்ததும், அதன் மேலேயே மரக்கட்டை ஏற்றிப் போவார்கள். வழி தெரிய இருபுறமும் சிறு ஊசியிலை மரங்களைத் துளையில் நட்டு வைத்திருப்போம். பனிமேல் ஓட்டுவதற்கு எங்கள் பக்கம் ஒரே ஒரு சட்டம்தான். கரையில் வண்டியை நிறுத்து, கதவைக் கழற்றி கட்டை மேல் போடு, அப்புறம் பனியில் இறங்கு. விரைத்துச் செத்தாலும் பரவாயில்லை, பனி உடைந்தால் குதிக்க வழி வேண்டும். பனிமேல் கதவை மூடிக்கொண்டு ஓட்டுகிறவன் ஒன்று குடிகாரன், இல்லாவிட்டால் பைத்தியக்காரன் என்பார்கள்.

ஒரு மார்ச் மாதம் காலையில் ஏரி குறுகுகிற ஜலசந்திக்குப் பக்கத்தில் பனி உடைந்து எவெர்ட்டின் லாரி உள்ளே போய்விட்டது. எனக்கு அப்போது மீசை முளைக்கிற வயது. கரையில் நின்று ராட்டினம் சுற்றி லாரியை இழுத்தவர்களில் நானும் ஒருவன். பனி பலம் இல்லாததால் யாரும் கிட்டே போகவில்லை. யால்மர் மட்டும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, ஏணியைப் போட்டு அதன் மேல் தவழ்ந்து போனான். வலப்பக்கமாகச் சாய்ந்திருந்த வண்டி கொஞ்சம் நிமிர்ந்ததும், அவனே உள்ளே புகுந்து எவெர்ட்டைத் தூக்கி வந்தான். அவன் அழுத அழுகையைப் பார்த்து நாங்களும் அழுதோம். லாரியையும் அவனே இழுத்துப் போனான். கடற்கரை ஊரில் இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்றான்.

கதவு இரண்டும் மாட்டியிருந்தபடியே இருந்ததைத் தூரத்திலிருந்து எல்லாரும் பார்த்தார்கள். அதற்கு ஒரே அர்த்தம்தான் எங்கள் ஊரில். ஜெபவீட்டுக்காரர்களும் மதுவிலக்குச் சங்கத்தாரும் நிறைந்த ஊர் இது. சங்கத்து உறுப்பினர் செத்தால் நீலப் பட்டுக்கொடியைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் போவார்கள். எவெர்ட்டும் உறுப்பினன்தான். அவனுக்குக் கொடி வரவில்லை. சங்கத்துச் செயலாளர் ஆல்மா, "கொடிக்குன்னு ஒரு மானம் இருக்கு" என்று சொல்லிவிட்டாள். டாக்னி வயிற்றில் பிள்ளையோடு, கொடி இல்லாத பெட்டிக்குப் பின்னால் நடந்து போனாள். அந்தப் பெண்குழந்தை பள்ளிக்கூடத்தில் "குடிகாரன் மக" என்ற பேரோடு வளர்ந்து, பதினாறு வயதில் தெற்கே ஓடிப்போனாள். தன் கல்யாணத்துக்குக்கூட இந்த ஊருக்கு வரவில்லை. டாக்னியை யால்மர் கட்டிக்கொண்டான். எவ்வளவு பெரிய மனது என்று ஊரே அவனைக் கொண்டாடியது. டாக்னியும்தான்.

லென்னார்ட் கொட்டகைக்குள் மண்டியிட்டு, பல் டாக்டர்கள் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்து சேஸிஸுக்கு அடியில் நீட்டினார்.

"நல்லா வாயத் தெறங்கன்னு சொல்லுங்க" என்றேன்.

"சிரிக்காதீங்க. இங்க பாருங்க, மட்கார்டுல வெட்டு, சட்டத்துல நாலு துளை. போர்க் காலத்துல பெட்ரோல் கெடைக்காம விறக எரிச்சு வர்ற வாயுல ஓட்டியிருக்காங்க. கொதிகலன் இங்கதான் தொங்கியிருக்கு."

என் சிரிப்பு நின்றது. ரோடு போடுகிறவர்கள் சர்க்கார் ஆட்கள். அவர்களுக்குப் பெட்ரோலுக்குக் குறையே இருந்ததில்லை. விறகில் ஓடிய உருண்டை மூக்கு எங்கள் பக்கம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆனாலும் பழைய வண்டிகள் கை மாறுவது உண்டுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

டாக்னி கூடையில் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் எடுத்துக்கொண்டு சதுப்பு மேல் போட்ட பலகை வழியாக வந்துகொண்டிருந்தாள். லென்னார்ட் ஹெட்லைட்டைக் கழற்றிக் கவிழ்த்தார். சாம்பல் நிறத்தில், மாவுபோல் மெல்லிசான களிமண் கொட்டியது. அதற்குள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இரண்டு சிப்பி.

"அட! இது தண்ணிக்குள்ள கெடந்த வண்டிங்க. ஏரித் தண்ணி" என்றார் சந்தோஷமாக. பாவம், அவருக்கு என்ன தெரியும்?

டாக்னி வாசலில் நின்றிருந்தாள். கூடையைக் கீழே வைத்தாள். லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இடப்பக்கம், ஓட்டுநர் கதவுக்கிட்டே வந்ததும் நின்றாள். கதவின் கீழ்ப்பாதி உள்ளே நசுங்கியிருந்தது. எப்போதோ கட்டை உருண்டு மோதியிருக்க வேண்டும். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓட்டை. கைப்பிடியில் தடித்த இரும்புக் கம்பி ஒன்றைக் கோத்து, பின்னால் இருந்த கொக்கியில் இழுத்து, குறடு போட்டு முறுக்கியிருந்தார்கள். துருவேறி எல்லாம் ஒரே கட்டியாகியிருந்தது. உள்ளே இருக்கிறவன் என்ன செய்தாலும் திறக்க முடியாது.

அவள் அந்த முறுக்கின் மேல் விரலை வைத்து, அது போகும் திசையிலேயே தடவினாள்.

"ரூனெ, நீ கம்பிய எந்தப் பக்கம் முறுக்குவ?"

"வலப்பக்கம். எல்லாரும் அப்படித்தானே?"

"எல்லாரும் அப்படித்தான். ஒருத்தனத் தவிர."

யால்மர் இடக்கைக்காரன். அவன் கட்டிய வேலியைப் பிரிக்கப் போனால் கம்பி எதிர்ப்பக்கம் இறுகிக் கையைக் கிழிக்கும். ஊரில் அது ஒரு கேலி. டாக்னியின் விரல்களில் அந்தத் தழும்புகள் நிறைய உண்டு.

"வா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். லென்னார்டிடம், "நீங்க காப்பி குடிச்சிட்டுக் கெளம்புங்க. கோவிச்சுக்காதீங்க" என்றாள். இவ்வளவு நடந்தும் அவருக்கு ரொட்டியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் நடந்தாள்.

நான் நழுவப் பார்த்தேன்.

"எங்க போற? இரு. ஒருத்தன் பாத்துட்டிருக்கணும். இல்லேன்னா நான் இவன என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது."

யால்மர் எங்கள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டான். ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"இங்க பாரு" என்றாள். "அந்தக் கதவ கட்டினது யாரு?"

"எந்தக் கதவ?"

"யால்மர்."

"நாந்தான்" என்றான். "கட்டை உருண்டு தாழ்ப்பாள் போயிருச்சு. ஓட்டறப்ப கதவு ஆடிக்கிட்டே இருந்துச்சு. எவெர்ட்டுக்கு அந்த வாரம் இருமல், காய்ச்சல். குளுருதுடா, எதையாவது வெச்சுக் கட்டித் தொலைன்னான். கட்டினேன். அவன் மறுபக்கத்துக் கதவு வழியா ஏறினான்."

"கரையில எப்படி அவுப்பான்?"

"நான்தான் கூடப் போறதா இருந்துச்சு. கரையில எறங்கி நான் அவுக்கணும். அப்படித்தான் பேச்சு."

"அப்புறம் ஏன் போகல?"

அடுப்பில் விறகு வெடித்தது.

"ஏன் போகலன்னு கேக்கறேன்."

"முதுகு வலின்னு சொன்னேன்."

"வலிச்சுச்சா?"

"இல்ல." தன் கைகளையே பார்த்தான். "நீ அன்னிக்குத் தட்டை ரொட்டி சுட்டுட்டிருந்த. ஒனக்குத் தெரியும் நான் வந்து உக்காந்தது. இந்தா, சூட்டோட தின்னுன்னு வெண்ணெய் தடவிக் குடுத்த."

டாக்னி மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்னப் பாக்கத்தான் வந்தேன்" என்றான். "தப்பா ஒண்ணும் நெனைக்கல. சும்மா, அவன் இல்லாதப்ப கொஞ்ச நேரம் அந்த அடுப்பங்கரையில உக்காரணும்னு. அவ்ளோதான்."

"கம்பி ஞாபகம் வரலியா?"

"வந்துச்சு."

"எப்ப?"

"ரொட்டி கையில இருக்கறப்ப."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். என்னை யாரும் பார்க்கவில்லை.

"வாசல்ல என் பனிச்சறுக்குக்கட்டை இருந்துச்சு" என்றாள் டாக்னி மெதுவாக. "மலைச்சரிவுல போனா லாரிக்கு முன்னால கரைக்குப் போயிருக்கலாம். அவன் ரோட்டு வழியா சுத்தித்தானே வரணும்."

"ஆமா."

"நீ எழுந்திருக்கல."

"கரையில யாராவது இருப்பாங்கன்னு நெனச்சேன். இல்லேன்னா அவனே மறுபக்கமா எறங்கி வந்து அவுத்துப்பான்னு. காய்ச்சல் மயக்கத்துல மறந்துட்டான் போல. எழுந்திரிக்கணும் எழுந்திரிக்கணும்னு நெனச்சேன், டாக்னி. நீ இன்னொரு ரொட்டி எடுத்து வெச்ச. அதையும் தின்னேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"குடிகாரன்னு சொன்னாங்க. என் மகள அந்தப் பேரச் சொல்லித் தொரத்தினாங்க. நீ பக்கத்துலயே உக்காந்து கேட்டுட்டிருந்த. அவன் ஒரு சொட்டு தொட்டதில்லன்னு ஒனக்குத் தெரியும்."

"சொன்னா நீ என்னக் கட்டிட்டிருக்க மாட்ட."

"ஒவ்வொரு ராத்திரியும் படுக்கப் போறப்ப ஒனக்கு நன்றி சொன்னேனே, யால்மர். குடிகாரன் பொண்டாட்டியையும் பிள்ளையையும் ஏத்துக்கிட்டயேன்னு. நீ என்ன சொல்லுவ? இதுல என்ன இருக்கு டாக்னி, தூங்குன்னு சொல்லுவ."

அந்த வாரம் டாக்னி சொன்னபடி லாரியைக் கொட்டகையிலிருந்து இழுத்து வந்தேன். சுலபமான வேலையில்லை. சக்கரத்தைச் சுற்றித் தோண்டி, சதுப்பில் கட்டைகளைப் பரப்பி, மழையில் நனைந்து, சங்கிலி இரண்டு தடவை அறுந்து, ஒரு வழியாக அவர்கள் முற்றத்தில் கொண்டு வந்து நிறுத்தினேன். இடப்பக்கக் கதவு சமையலறை ஜன்னலைப் பார்த்து இருக்க வேண்டும் என்றாள். அப்படியே நிறுத்தினேன். யால்மரின் நாற்காலியிலிருந்து பார்த்தால் வேறெதுவும் தெரியாது.

"ஜெபவீட்டுல எந்திரிச்சுச் சொல்லு" என்றாள் அவனிடம். "எவெர்ட் குடிக்கலன்னு ஊரு கேக்கணும். அந்தக் கொடி அவன் கல்லறைக்கு வரணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

எங்கள் ஜெபவீட்டில் பிரசங்கம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை அவனையும் டாக்னியையும் நான்தான் காரில் கூட்டிப் போனேன். ஒரு காலத்தில் உட்கார இடமில்லாத பெஞ்சுகளில், இப்போது ஒரு கை விரல்விட்டு எண்ணினால் தீர்ந்துபோகிற அளவு கிழவர்கள், கிழவிகள். முன்பெஞ்சில் ஆல்மா. காது மந்தமே தவிர நாக்கு மந்தமில்லை.

யால்மர் கோலை ஊன்றி எழுந்தான். ஒன்றையும் மறைக்கவில்லை, அந்த மட்டும் அவனைக் குறை சொல்ல முடியாது. கம்பி, முதுகு வலி, ரொட்டி, எல்லாம் சொன்னான். எவெர்ட் குடிக்கவில்லை என்று இரண்டு தடவை சொன்னான். பாதியில் குரல் உடைந்து, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தேம்பினான்.

பிறகு ஆல்மா தன் இடத்திலிருந்தே ஒரு பாட்டை எடுத்துவிட்டாள், காணாமல்போன ஆடு திரும்பி வந்த பாட்டு. எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். பாட்டு முடிந்ததும் யால்மரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருவர் தோளைத் தட்டினார். ஒருத்தி கன்னத்தைத் தடவினாள்.

"இத்தன காலம் இந்தப் பாரத்த ஒத்தையாச் சொமந்திருக்கியே, என் அப்பனே" என்று ஆல்மா அவன் கையை எடுத்து முத்தமிட்டாள். டாக்னி பக்கம் திரும்பி, "எப்பேர்ப்பட்ட புருஷன் கெடச்சிருக்கான் ஒனக்கு! இந்த தைரியம் யாருக்கு வரும்?" என்றாள்.

"எந்தப் புருஷனச் சொல்றீங்க?" என்றாள் டாக்னி.

ஆல்மாவுக்குக் காது கேட்கவில்லை, அல்லது கேட்காததுபோல் இருந்தாள். டாக்னி அவள் காதுக்கிட்டே குனிந்து சத்தமாகக் கேட்டாள்.

"கொடிய எவெர்ட் கல்லறைக்குக் கொண்டு வருவீங்களா?"

"கொடியா? சங்கமே கலைஞ்சுபோச்சேம்மா. அது எந்தப் பரணுல பூச்சி அரிச்சுக் கெடக்கோ. செத்தவங்கள விடு. இன்னிக்கு மன்னிக்கற நாளு. அதோட..." ஆல்மா குரலைத் தாழ்த்தினாள், ஆனால் செவிட்டுக் கிழவி தாழ்த்திய குரல் கடைசி பெஞ்சு வரை கேட்டது. "யாரு கண்டா? காய்ச்சலுக்கு மருந்தா ஒரு வாய் ஊத்திட்டிருந்தாலும் இருந்திருப்பான். இல்லேன்னா மறுபக்கம் எறங்கி அவுக்க மறப்பானா?"

நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். டாக்னி என் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டு வெளியே நடந்தாள். திரும்பும்போது காரில் யால்மர் கைக்குட்டையில் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தான். முகம் குளித்துவிட்டு வந்தவன் முகம்போல் இருந்தது.

அப்புறம் அந்த வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பல வருஷங்களாக எட்டிப் பார்க்காதவர்கள் பன் சுட்டுக்கொண்டு வந்தார்கள், பெர்ரி ஜாம் கொண்டு வந்தார்கள். யால்மர் கோலை ஊன்றி முற்றத்துக்கு வந்து லாரியைக் காட்டினான். முதலில் தயங்கித்தான் சொன்னான். பத்து நாள் போன பிறகு நான் கேட்டபோது, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே பெருமூச்சு விட வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குப் பழகியிருந்தது. "இந்தக் கையாலதான்" என்று இடக்கையைத் தூக்கிக் காட்டுவான். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

உருளைக்கிழங்கு தோண்டும் நாளில் உதவிக்குப் போனேன். முதல் உறைபனி வந்துவிடும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். டாக்னி மண்டியிட்டு, மண்ணைக் கையாலேயே கிளறிக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் குழி விழுந்திருந்தன.

"மககிட்ட சொன்னீங்களா?" என்றேன்.

"ஃபோன்ல சொன்னேன். இப்ப சொல்லி என்னம்மா செய்யறதுன்னு கேட்டா. நானும் அதத்தான் யோசிச்சிட்டிருக்கேன்."

ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குப் போனோம்.

"நல்லாத் தூங்கறான், ரூனெ" என்றாள். "கல்யாணமான நாள்லேருந்து ராத்திரில எந்திரிச்சு வீட்டுக்குள்ள நடப்பான். கால் கொடையுதும்பான். நான் எந்திரிச்சு உக்காந்து தேச்சு விடுவேன். இப்ப படுத்தான்னா விடியற வரைக்கும் கொறட்டை. மூணு தட்டு கஞ்சி குடிக்கறான். பாரத்த எறக்கி வெச்சிட்டான்னு ஆல்மா ஊரெல்லாம் சொல்றா. நாந்தானே எறக்கி வெக்கச் சொன்னேன்? என் வாயாலதானே சொன்னேன்?"

கூடையை இழுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

சமையலறை ஜன்னல் திறந்தது. யால்மர் தலையை நீட்டினான். பின்னால் யாரோ விருந்தாளிகளின் பேச்சுச் சத்தம்.

"டாக்னி! காப்பி ஆச்சா?"

அவள் எழுந்துவிட்டாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, இரண்டடி வைத்த பிறகு நின்றாள்.

"நீங்க உக்காருங்க" என்றேன். "நான் போய் வெச்சுக் குடுத்துட்டு வர்றேன்."

"வேண்டாம்" என்றாள். "அவனுக்கு எவ்ளோ சக்கரைன்னு ஒனக்குத் தெரியாது."